ஆய்வகத் தட்டும் கருஞ்சீரகப் புட்டியும்



மூளையில் கட்டி என்று ஸ்கேன் அறிக்கை சொன்ன மறுநாளே அந்த வீட்டுக்குக் கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டி ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் அன்புள்ளவர்தாம். தாய்மாமாவாகவோ, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவாகவோ, பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்கும் நண்பராகவோ இருப்பார். புட்டியோடு கூடவே ஒரு காணொளியும் வரும். கருஞ்சீரகத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னது முதலில். இதிலுள்ள தைமோகுயினோன் மூளைப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதாக விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்ற அறிவிப்பு அடுத்து. இறுதியில் ஒரு தொலைபேசி எண்ணும் விலையும்.

இந்த வியாபாரத்தை நாம் எதிர்க்கிறோம். கருஞ்சீரகத்தோடு நமக்குப் பகை இல்லை. அது நம் சமையலறையில் இருக்கிறது, ரொட்டியின் மீது தூவுகிறோம், சளி பிடித்தால் வறுத்துத் துணியில் கட்டி முகர்கிறோம். நம் கோபமெல்லாம், ஒரு ஹதீஸை விளம்பரப் பலகையாக்கி, ஆய்வகச் செய்தியை அதற்கு முத்திரையாகக் குத்தி, உயிருக்குப் போராடும் ஒருவரை மருத்துவமனையிலிருந்து இழுத்து வெளியே விடுகிறவர்கள் மீதுதான்.

நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றில் இது நடந்தது. மூன்று பிள்ளைகளின் தகப்பன், நாற்பதுகளின் நடுவில் இருந்தவர். கிளியோபிளாஸ்டோமா என்று தெரிந்து அறுவை முடிந்து, கதிர்வீச்சு தொடங்கி இரண்டாம் வாரம். முடி உதிர்ந்தது, சோர்வு அதிகமாயிற்று. 'கரண்டு வைத்து மூளையைக் கருக்குகிறார்கள்' என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல் அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. சிகிச்சை நின்றது; எண்ணெயும் தேனும் மஞ்சள் மாத்திரையும் தொடங்கின. வலிப்பு வந்து மீண்டும் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது ஏழு வாரங்கள் கடந்திருந்தன. கதிர்வீச்சைத் தொடர்ந்திருந்தால் அவர் இன்று நம்மோடு இருந்திருப்பார் என்று நாம் சொல்லமாட்டோம்; அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் அந்த ஏழு வாரங்களை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது விதி என்று சொல்லிக் கைகழுவவும் நாம் தயாரில்லை. அது மனிதர்கள் செய்தது.

காணொளி சொல்வதில் ஒரு பாதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன், மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி., திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், வெங்காயத்தின் குவெர்செட்டின், முட்டைக்கோஸ் வகையறாவின் சல்ஃபோராஃபேன் ஆகிய எல்லாமே ஆய்வகத்தில் மூளைப் புற்றுநோய்ச் செல்களின் மீது சோதிக்கப்பட்டிருக்கின்றன. செல்கள் பெருகுவது குறைந்தது, பல செத்தன என்று கட்டுரைகள் வந்துள்ளன. அவற்றை எழுதியவர்கள் பொய்யர்கள் அல்லர். ஆனால் அவர்கள் எதைச் செய்தார்கள் என்பதைக் காணொளிக்காரர் சொல்வதே இல்லை.

உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு. அதன் அடியில் ஒட்டி வளரும் ஒற்றைப் படலமாகச் செல்கள். மேலே ஊட்டத் திரவம். அதில் தூய்மையாக்கப்பட்ட சேர்மத்தை அளந்து ஊற்றி, ஒரு நாளோ மூன்று நாளோ கழித்து எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். அந்தத் தட்டுக்குக் குடல் இல்லை, கல்லீரல் இல்லை, இரத்தம் இல்லை, மண்டையோடு இல்லை. அதே தட்டில் உப்பை அள்ளிப் போட்டாலும் புற்றுநோய்ச் செல் சாகும். சலவைத்தூள் கரைசலை ஊற்றினாலும் சாகும். செல்லைக் கொல்வது எளிது. அந்தச் செல்லைச் சுமந்துகொண்டிருக்கும் மனிதரைக் கொல்லாமல் அதை மட்டும் கொல்வதில்தான் மருத்துவத்தின் பாடே இருக்கிறது.

அந்தச் செல்கள் யாருடையவை என்பதும் கேட்கத்தக்க கேள்வி. இவ்வகைச் சோதனைகளில் மிகப் பரவலாகப் பயன்படுவது யூ-87 என்னும் செல்வரிசை. 1966ஆம் ஆண்டில் சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டது என்று பல பத்தாண்டுகளாக உலகம் நம்பியது. 2016இல் உப்சாலா ஆய்வாளர்களே பழைய திசுவை எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். இன்று உலக ஆய்வகங்களில் வளரும் யூ-87 அந்த நோயாளியின் கட்டியோடு பொருந்தவில்லை. அதுவும் ஒரு மூளைக் கட்டியிலிருந்து வந்ததாகத்தான் தெரிகிறது. ஆனால் யாருடையது என்று தெரியாது. எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ தட்டுகளில் வளர்ந்து பழகிப்போன அந்தச் செல் செத்தது என்பதற்காகத்தான் நம் ஊரில் ஒருவரின் கதிர்வீச்சை நிறுத்துகிறார்கள்.

இனி அளவுக்கு வருவோம். கணக்குத் தெரிந்த வியாபாரிகளின் சமூகம் நாம். இந்தக் கணக்கை ஏன் போட்டுப் பார்ப்பதில்லை என்பது நமக்குப் புரியவில்லை. தட்டில் மூளைக் கட்டிச் செல்களைக் குர்குமின் பாதிப்பது ஏறத்தாழ 10 முதல் 30 மைக்ரோமோலார் செறிவில். 2001இல் வெளிவந்த தைவான் ஆய்வொன்றில் மனிதர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் தூய குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த உச்ச அளவு சராசரியாக 1.8 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. அதுவும் சில மணி நேரத்தில் வடிந்துவிட்டது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு. எனவே அந்த 8 கிராமைச் சமையல் மஞ்சளிலிருந்து பெற வேண்டுமானால் நாள்தோறும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் தின்னவேண்டும். தின்றாலும் இரத்தத்துக்குக் கிடைப்பது தட்டில் ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதிலும் மூளைக்குள் நுழைவது எவ்வளவு?

மூளையின் நுண்குழாய்களின் சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னி நிற்பவை. இரத்தத்தில் மிதந்துவரும் கண்ட பொருளும் மூளைக்குள் புகாதபடி அல்லாஹ் அமைத்த காவல் அது. புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை அங்கே தோற்றுத் திரும்புகின்றன. டெமோசோலோமைடு என்ற மருந்து மூளைக் கட்டிக்குப் பயன்படுவதற்கு ஒரு முக்கியக் காரணமே அது அந்தக் காவலைக் கடக்கக்கூடிய சிறிய மூலக்கூறு என்பதுதான்.

இந்த இடத்தில் மாத்திரை விற்பவர் மிளகைக் கொண்டுவருவார். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வொன்று, மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் உடலில் சேர்வது 2000 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. உண்மைதான். ஏறத்தாழ ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று மட்டும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் எழுதுவதில்லை: அதே பைப்பரின் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மருந்தின் அளவையும் இரத்தத்தில் உயர்த்துகிறது. மூளைக் கட்டி உள்ளவர்களில் எத்தனை பேர் வலிப்பு மருந்தில் இருக்கிறார்கள்! குழம்பில் போடும் மிளகைப் பற்றி நாம் பேசவில்லை. செறிவூட்டிக் குப்பியில் அடைத்த சாற்றைப் பற்றிப் பேசுகிறோம்.

'பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே' என்ற வாதத்தைத்தான் நாம் அதிகம் கேட்கிறோம். படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி.யைச் சேர்த்தால் மருந்தின் வேகம் கூடும் என்று எதிர்பார்த்துச் சோதனையில் இறங்கினார்கள். எலும்பு மச்சைப் புற்றுச் செல்களிலும் கிளியோபிளாஸ்டோமா செல்களிலும் பார்த்தார்கள், எலிகளிலும் பார்த்தார்கள். 2009இல் வெளியிட்ட முடிவு அவர்களுடைய எதிர்பார்ப்புக்கு நேர் எதிரானது. தேயிலைச் சேர்மம் மருந்து மூலக்கூறையே பிடித்துக் கட்டிப்போட்டு, அதைச் செயலற்றதாக்கிவிட்டது. புற்றுநோய்ச் செல்கள் பிழைத்துக்கொண்டன. இயற்கையானது என்பதனால் ஒரு பொருள் நம் பக்கம் நின்றுதான் போராடும் என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை நாம் ஏற்கிறோம். ஏற்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் நமக்கு முன்சென்ற அறிஞர்களிடம்தான் கேட்கவேண்டும், காணொளிக்காரரிடம் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள், சொல் பொதுவாக இருப்பினும் நோக்கம் குறிப்பிட்ட வகை நோய்களே என்றும், எந்த ஒரு செடியிலும் எல்லா நோயின் இயல்புக்கும் எதிரான குணம் ஒருசேர இருப்பதில்லை என்றும் விளக்கினார்கள். நபிமருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதிய இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களோ, ஆது சமூகத்தை அழித்த காற்று எல்லாவற்றையும் அழித்ததாகக் குர்ஆன் கூறுவதை எடுத்துக்காட்டி, அழிவை ஏற்கும் எல்லாவற்றையும் என்பதே அதன் பொருள் என்றார்கள். அதே வசனம் அம்மக்களின் வீடுகள் மட்டும் எஞ்சி நின்றதையும் சொல்கிறதல்லவா? இவர்களைவிடவா நமக்கு ஹதீஸின் மீது பற்று அதிகம்?

கருஞ்சீரகத்தைப் பரிந்துரைத்த அதே நபி (ஸல்) அவர்கள், உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது மருத்துவர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் நரம்பை வெட்டிச் சூடிட்டார். இது முஸ்லிமில் உள்ளது. ஸஅது (ரலி) அவர்களை ஹாரிஸ் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் போகச் சொன்னது அபூதாவூதில் உள்ளது. கருஞ்சீரகம் தீராத நோய் இல்லை என்று விற்பவர் சொல்லும் பொருளிலேயே அவர்கள் சொல்லியிருந்தால், வெட்டவும் சூடிடவும் தெரிந்தவரை ஏன் அனுப்பவேண்டும்?

இன்னொன்றும் நம்மை உறுத்துகிறது. ஆய்வகத் தட்டைக் காட்டி ஹதீஸ் நிரூபணமாகிவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்கள், தாங்கள் செய்வது இன்னதென்று உணர்ந்துதான் செய்கிறார்களா? தட்டில் செல் செத்ததால் ஹதீஸ் உண்மை என்றால், நாளை ஆயிரம் நோயாளிகளிடம் சோதித்துப் பயனில்லை என்று முடிவு வந்தால் என்ன சொல்வார்கள்? நபிமொழியை மாறிக்கொண்டேயிருக்கும் ஆய்வுகளின் தோளில் ஏற்றி வைப்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. குர்குமினுக்கு இது நடந்தே விட்டது. 2017இல் வேதியியலாளர்கள் சிலர் அதுவரை நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்டு இருபுறமும் மறைத்து நடத்திய சோதனை எதிலும் அது வெற்றி காணவில்லை என்று எழுதினார்கள். பல சோதனை முறைகளில் பொய்யான வெற்றியைக் காட்டி ஆய்வாளரை ஏமாற்றும் மூலக்கூறு அது என்றும் எச்சரித்தார்கள்.

அப்படியானால் தாவரத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் மையவாடிகளின் ஓரத்தில் தண்ணீர் ஊற்றுவாரின்றிப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நல்லது என்ற நாட்டுப்புற நம்பிக்கையைக் கேட்டு, ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிள் என்பவர் 1950களில் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாறு செலுத்திய எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்ததைக் கண்டார். அவரும் சார்லஸ் பீர் என்பவரும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். 1963இல் அது அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். இன்று அது மூளைக் கட்டிகளில் ஒரு வகையான ஒலிகோடென்ட்ரோகிளியோமாவுக்குக் கொடுக்கும் மூன்று மருந்துக் கூட்டில் ஒன்று. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சோடு அக்கூட்டையும் கொடுத்தபோது சராசரி ஆயுள் 7.3 ஆண்டிலிருந்து 14.7 ஆண்டாக உயர்ந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றில் வின்கிரிஸ்டினின் பங்கு எவ்வளவு என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அப்படி விவாதிப்பதுதான் அமானிதம். அதே இலையைப் பறித்து மென்றால் விஷம். அதே மருந்தை இரத்தக்குழாய்க்குப் பதிலாகத் தண்டுவட நீரில் தவறிச் செலுத்தினால் மரணம். செடியில் அல்லாஹ் வைத்த நிவாரணத்தை வெளியே கொண்டுவரப் பல ஆண்டு உழைப்பும் அளவும் சோதனையும் தேவைப்பட்டன.

பிரேசிலிலும் ஒரு முயற்சி நடக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் எண்ணெயிலுள்ள லிமோனீனோடு உறவுள்ள பெரில்லில் ஆல்கஹாலை, திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமா உள்ளவர்களுக்கு மூக்கின் வழியே முகரக் கொடுத்துப் பார்க்கிறார்கள். இரத்தத்தின் வழி மூடியிருப்பதால் மூக்கின் வழி. புகாரியில் வரும் அறிவிப்பிலும் கருஞ்சீரகத்தை நசுக்கி எண்ணெயில் கலந்து மூக்கில் சொட்டுவிடச் சொன்ன செய்தி உண்டு. இதைப் படித்த கையோடு யாரும் அடுத்த காணொளியைத் தயாரிக்கப் புறப்படவேண்டாம். பிரேசில் மருத்துவர்கள் நோயாளியின் கணக்கை வைத்துக்கொள்கிறார்கள், பலன் இல்லாதவரையும் சேர்த்து எண்ணுகிறார்கள். நம் எண்ணெய் வியாபாரி பிழைத்தவரை மட்டுமே பேட்டி எடுக்கிறார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்க நாம் விரும்பவில்லை. 'ஆஸ்பத்திரி மட்டும் என்ன கிழித்துவிட்டது?' 2005இல் வெளியான, 573 நோயாளிகளைக் கொண்ட பெரிய சோதனையில் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடும் கொடுத்தபோது சராசரி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகத்தான் உயர்ந்தது. இரண்டரை மாதம். கேட்கும் குடும்பத்துக்கு நெஞ்சு வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியாகத்தான் புட்டி உள்ளே நுழைகிறது. ஆனால் அதே சோதனையில் இரண்டு ஆண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் இருபத்தாறு பேர். அந்தப் பதினாறு பேர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு நிக்காஹ், ஒரு பேரக்குழந்தை, தீர்க்கவேண்டிய ஒரு கடன், கேட்கவேண்டிய ஒரு மன்னிப்பு இருந்திருக்கும். கருஞ்சீரக எண்ணெய் விற்பவர் இப்படி ஓர் எண்ணைக் காட்டட்டும், நாமே முன்வந்து விற்றுக் கொடுக்கிறோம்.

நிரூபிக்கப்பட்ட சிகிச்சையைத் தள்ளிவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களின் கணக்கும் உண்டு. மார்பு, நுரையீரல், குடல், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களைப் பற்றி யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது. அவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு. மூளைப் புற்றுநோய் அதில் இல்லை. ஆயினும் ஏழு வாரம் சும்மா இருந்தால் கிளியோபிளாஸ்டோமாவும் சும்மா இருக்கும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

மருத்துவர்கள் மீதும் நமக்குக் குறை உண்டு. மூன்று நிமிடத்தில் நோயாளியைப் பார்த்து அனுப்புகிறவர்களும், 'என்ன சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டதும் சீறி விழுகிறவர்களும் மக்களை வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். வியாபாரி உட்காரவைத்துப் பேசுகிறார், 'இன்ஷா அல்லாஹ்' என்கிறார், தோளில் கைவைக்கிறார். அந்தக் கையின் இதம் பொய்யில்லை. அது விற்கும் பொருள்தான் பொய்.

வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூதிலும் நஸயீயிலும் இருக்கிறது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தின்படி இந்தியாவில் குற்றம். நம் பள்ளிவாசல் வாசலில் ஜும்ஆவுக்குப் பிறகு விரிக்கும் மேசையில் இவ்விரண்டும் ஒருசேர மீறப்படுகின்றன. ஜமாஅத் நிர்வாகிகள் மேசை வாடகையை வாங்கிக்கொள்கிறார்கள். மருத்துவர் கொடுக்கும் கேப்ஸ்யூலின் ஜெலட்டின் ஹலாலா என்று நான்கு ஆலிம்களிடம் விசாரிக்கும் நாம், அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது, யார் காய்ச்சியது, எதோடு கலந்தது என்று ஒருவரிடமும் கேட்பதில்லை.

வீட்டில் மூளைக் கட்டி நோயாளியை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் இன்னும் சிறிது. கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெதசோன் கொடுத்திருப்பார்கள்; அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அந்த நிலையில் நாளுக்கு மூன்று வேளை கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். அறுவைக்கு நாள் குறித்திருந்தால் மஞ்சள் சாற்று மாத்திரை இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும் என்பதை அறுவை மருத்துவர் அறிந்திருக்கவேண்டும். சோற்றில், குழம்பில், ரசத்தில் வழக்கம்போல் மஞ்சளும் மிளகும் சீரகமும் இருக்கட்டும். அதற்கு மேல் புட்டியாகவோ மாத்திரையாகவோ எது வீட்டுக்குள் வந்திருந்தாலும், யார் கொண்டுவந்திருந்தாலும், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் மேசை மீது வையுங்கள். அவர் சீறினாலும் பரவாயில்லை, லேபிளை அவர் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவேண்டாம்.